ஆறாவது கை

செய்தித்தாளில் வந்த படத்தில் கடியாரக்காரரின் கைதான் இருப்பதிலேயே உயரமாக இருந்தது. வில்லங்கமே அதுதான். மற்ற நாலு பேரும் ஏனோதானோவென்று முழங்கையை மேஜையில் ஊன்றிக் கையைக் காட்டியிருக்க, இவர் கை மட்டும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை மாதிரி காதை ஒட்டி நேராக நின்றது.

"இந்தக் கையைப் பாத்துட்டுத்தான்க்கா எங்க தெருவே எங்களை ஒதுக்கி வச்சிருக்கு," என்றாள் கடியாரக்காரரின் மகள்.

செய்தித்தாளை மேஜையில் விரித்து, மடிப்பு விழுந்த இடத்தை உள்ளங்கையால் நீவினாள். எத்தனை தடவை மடித்துப் பிரித்தாளோ, மடிப்பில் எழுத்தே அழிந்திருந்தது.

ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த அறையில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவள், ஒன்றில் அண்ணி. மூன்றாவதற்குக் காலும் மூன்றே என்பதால் பேட்டரி ஜன்னலில் சாய்ந்து நின்றான்.

ஊருக்கெல்லாம் அண்ணி இன்ஷூரன்ஸ் அக்கா. தீயே பிடிக்காத குடோன் எரிந்து சாம்பலானதாகவும், உயிரோடு இருக்கும் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் வந்த கதைகளையெல்லாம் காலமெல்லாம் விசாரித்துச் சலித்தவர். வேலை ஓய்வு கொடுத்ததே தவிர அந்தச் சந்தேகப் புத்தி ஓய்வு பெறவில்லை. அதனால்தான் இந்த அறை, இந்தத் துப்பறியும் தொழில். பேட்டரிக்கு மட்டும் அவர் அண்ணி, கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. அவன் தொட்ட தொழில் எதுவும் துலங்கவில்லை. கடைசியாகப் படுத்தது பேட்டரிக் கடை. கடை போய் பேர் நின்றது. வாய்க்கு மட்டும் சார்ஜ் இறங்கியதே கிடையாது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா," என்றார் அண்ணி.

அவள் சொன்னாள். அப்பா கடியாரம் ரிப்பேர் செய்பவர். கால்வாய்க்கரைத் தெருவில் இருந்து நகராட்சிக்குக் கவுன்சிலராகப் போனவர். தெருவை இடித்துவிட்டு அங்கே வணிக வளாகம் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தபோது, என் கை இருக்கும்வரை அது நடக்காது என்று வீடு வீடாகச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினார். போன வாரம் மன்றக் கூட்டத்தில் அதே தீர்மானம் வந்தது. ஒன்பது பேரில் ஐந்து பேர் ஆதரவு, நாலு பேர் எதிர்ப்பு. தீர்மானம் நிறைவேறியது. ஐந்தாவது கை அப்பாவுடையது.

"அன்னிக்கு சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வந்தாரு. அதுக்குள்ள தெருவுக்குத் தகவல் வந்துடுச்சு. கடைப் பலகையில கல்லு விழுந்துச்சு. எதிர்வீட்டு அத்தை வாசல்ல நின்னு, எவ்வளவுக்கு வித்தீங்கன்னு கேட்டாங்க. அப்பா வாயைத் திறந்தாரு. பேச்சு வரல. அப்படியே படியில சரிஞ்சுட்டாரு."

பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

"நாளைக்குக் காலையில மேலதிகாரி வர்றாரு, ஆட்சேபணை கேக்க. அதோட சரி, அப்புறம் இடிக்க மிஷின் வந்துடும். எனக்கு ஒண்ணு தெரியணும்க்கா. எங்கப்பா வித்தாரா, இல்லையா? வித்திருந்தா வித்தாருன்னே சொல்லுங்க. நானே தெருவுல நின்னு சொல்லிடுறேன். தெரியாமக் கிடக்கறதுதான் என்னால முடியல."

அவள் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்தவள் என்பது முகத்திலேயே தெரிந்தது. பேட்டரிக்கு வாயில் வந்த ஒன்றிரண்டு வேடிக்கைகள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

அண்ணி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இந்த அஞ்சு பேரும் எங்க பாக்குறாங்க, சொல்லு."

பேட்டரி குனிந்து பார்த்தான். "சேர்மன் ஒரு கையில கண்ணாடியைக் கழட்டி வச்சுக்கிட்டு இன்னொரு கையைத் தூக்கியிருக்காரு. அவரு இடது பக்கம் பாக்குறாரு. இந்த அம்மாவும் அங்கதான். இந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் அங்கதான். கடியாரக்காரர் மட்டும் நேரா சேர்மனைப் பாக்குறாரு."

"அதைத்தான் தெருவுல சொல்றாங்க," என்றாள் மகள். "கையைத் தூக்கிட்டு எசமான் மூஞ்சியைப் பாக்குறான் பாருன்னு."

"ஓட்டுப் போடுறவன் எண்ணுறவனைத்தானே பாப்பான்? நாலு பேரும் என்னத்தைப் பாக்குறாங்க?" என்று அண்ணி எழுந்து கைப்பையை எடுத்தார்.

நகராட்சி மன்றக் கூடத்தைத் திறந்து காட்டத் தலைமை எழுத்தருக்குச் சுத்தமாக மனமில்லை. ஆனால் பொதுமக்கள் பார்வையிடலாம் என்று வாசலில் இருந்த பலகை அவருடைய கையெழுத்திலேயே இருந்ததால் வேறு வழியும் இல்லை. தாள் புரட்டுவதற்காகக் கட்டைவிரலில் பச்சை ரப்பர் உறை மாட்டியிருந்தார். பேசும்போதெல்லாம் அந்த விரலை மற்ற விரல்களால் தேய்த்துக்கொண்டார்.

குதிரை லாடம் மாதிரி வளைந்த மேஜை. நடுவில் சேர்மன் நாற்காலி, அதற்கு மட்டும் மெத்தை. மேஜையின் வலது முனையில் எழுத்தரின் முக்காலி. இடதுபுறம் ஒரு பக்கக் கதவு. சுவரில் ஓரம் சுருண்ட அட்டை ஒன்று தொங்கியது.

பேட்டரி அதை உரக்கப் படித்தான். "மன்றத்தில் அமைதி காக்கவும். பேச விரும்புவோர் கையை உயர்த்தித் தலைவரின் அனுமதி பெற்றுப் பேசவும்." திரும்பி எழுத்தரைப் பார்த்தான். "சார், இதெல்லாம் நடக்குதா?"

"அது என் காலத்துக்கு முந்தி மாட்டினது. இங்க யாருக்குத் தொண்டை பெருசோ அவருதான் பேசுவாரு."

"ஓட்டு எப்படி எடுப்பீங்க?" என்றார் அண்ணி.

"நான் தீர்மானத்தை வாசிப்பேன். ஆதரிக்கிறவங்க கையைத் தூக்குவாங்க, நான் எண்ணுவேன். மிச்சப் பேர் எதிர்ப்பு."

"எதிர்க்கிறவங்களைத் தனியாக் கேக்க மாட்டீங்களா?"

"எதுக்கும்மா? ஒன்பதுல அஞ்சு போனா நாலுதானே. கழிச்சுக்க வேண்டியதுதான். வருஷக்கணக்கா அதான் வழக்கம்."

"தூங்கிட்டு இருக்கிறவரு?" என்றான் பேட்டரி.

"எதிர்ப்பு."

"பாத்ரூம் போனவரு?"

எழுத்தர் கொஞ்சம் யோசித்தார். "அவரும் எதிர்ப்புதான்."

"அப்ப இந்த ஊர்ல புரட்சியெல்லாம் பாத்ரூம்லதான் நடக்குதுன்னு சொல்லுங்க."

அண்ணி அவனை முறைத்துவிட்டு, படத்தில் இருந்தவர்களின் நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்காரச் சொன்னார். அவனும் உட்கார்ந்து, படத்தில் இருந்தபடி முகத்தைத் திருப்பினான். கடியாரக்காரர் நாற்காலியைத் தவிர எதில் உட்கார்ந்தாலும் பார்வை அந்தப் பக்கக் கதவில் போய் நின்றது.

"கதவுல யாரு சார் நின்னது?"

"யாரும் நிக்கல." எழுத்தர் விரலைத் தேய்த்தார். "நின்னாங்களோ என்னவோ. ஞாபகம் இல்ல. எனக்கு வேலை கிடக்கும்மா."

அவர் சாவிக்கொத்தை ஆட்டினார். அண்ணி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அது நல்லதற்கல்ல என்று பேட்டரிக்குத் தெரியும். கேள்வி தீர்ந்துபோய் அண்ணி பேசாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

படம் எடுத்த ஸ்டூடியோ கடைத்தெருவில் இருந்தது. நுழைந்ததும் பேட்டரி பாஸ்போர்ட் படம் எடுக்க வந்ததாகச் சொல்லித் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டான். இப்படி ஒவ்வொரு கேஸுக்கும் ஒன்றாக எடுத்து வீட்டில் அவன் படம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தது. பாஸ்போர்ட்தான் இல்லை.

"சிரிக்காதீங்க," என்றார் ஸ்டூடியோக்காரர்.

"சிரிக்கல சார். இது பிறவி."

அண்ணி செய்தித்தாளை நீட்டினார். "இது நீங்க எடுத்ததுதானே? நல்லா இருக்கு. ஆனா ஒரு ஓரத்துல என்னவோ மொட்டையா நிக்குதே."

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ஸ்டூடியோக்காரர் கேமராவை விட்டுவிட்டு வந்தார். "பாத்தீங்களா? உங்களுக்குத் தெரியுது. பேப்பர்க்காரனுக்குத் தெரியல. நான் கூடம் முழுக்க ஒரே படத்துல கொண்டு வந்தேன். அந்த ஆளு வலது பக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டான். கேட்டா இடம் இல்லையாம். வாங்க, முழுசைக் காட்டுறேன்."

முழுப் படம் சட்டம் போட்டு உள் அறைச் சுவரில் தொங்கியது. அண்ணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பேட்டரி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

வளைந்த மேஜை, ஒன்பது பேர், ஐந்து கைகள். வலது ஓரத்தில், செய்தித்தாள் வெட்டியெறிந்த இடத்தில் ஒரு முக்காலி. அதில் தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தார். அவரும் கதவைப் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தார். கட்டைவிரலில் பச்சை உறை.

"அண்ணி," என்றான் பேட்டரி மெதுவாக. "இவருக்கு ஏது ஓட்டு?"

"அதான் நானும் பாக்குறேன்."

"எண்ணுற ஆளே கை தூக்கினா எப்படி? பரீட்சை எழுதுற பசங்களோட வாத்தியாரும் உக்காந்து எழுதின மாதிரி இருக்கு."

அண்ணி ஸ்டூடியோக்காரர் பக்கம் திரும்பினார். "மன்றக் கூட்டத்துக்கெல்லாம் உங்களைக் கூப்பிடுவாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல. திறப்பு விழாவுக்குத்தான் கூப்பிடுவாங்க. அன்னிக்கு சேர்மனே போன் பண்ணினாரு. நான் எப்பக் கண்ணாடியைக் கழட்டுறேனோ அப்ப எடுன்னாரு. எடுத்தேன். நமக்கு எதுக்கு வம்பு?"

இந்தப் படத்துக்கு ஒரு பிரதி வேண்டும் என்று அண்ணி கேட்டதும் அவர் முகம் மாறியது. நகராட்சி வேலை கைநழுவிப் போய்விடும் என்ற பயம். ஆனால், வெட்டாமல் முழுசாக நாலு பேர் பார்க்கட்டுமே என்று அண்ணி ஒரு வார்த்தை சொன்னதும், பயத்தைக் கலைப் பித்து ஜெயித்துவிட்டது.

நகராட்சிக்கு எதிரே ஒரே ஒரு டீக்கடைதான் இருந்தது. அங்கே உட்கார்ந்து பேட்டரி படத்தை மேஜையில் வைத்துக்கொண்டு கண் வலிக்கப் பார்த்தான். கதவு மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று படத்தில் தெரியவில்லை. ஆறு பேர் கையைத் தூக்கியிருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு ஓட்டே இல்லை. அப்படியானால் அந்த ஆறு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? பதவியா, வயதா, எதுவும் பொருந்தவில்லை.

கடைக்காரர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு டீயா? சர்க்கரை இல்லாம யாருக்கு?"

பேட்டரி பழக்கதோஷத்தில் அண்ணியைச் சுட்டிக்காட்டினான். அண்ணியும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. அண்ணி தன் கையைத் தானே பார்த்தார். பிறகு பேட்டரியைப் பார்த்தார்.

"மன்றக் கூட்டத்துக்கு டீ நீங்கதான் கொண்டு போவீங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"ஆமா. உள்ள விட மாட்டாங்க. பக்கக் கதவுல நின்னு கேட்டுட்டு வந்துடுவேன்."

"இதே கேள்வியா?"

"வேற என்னத்தைக் கேக்குறது? சர்க்கரை இல்லாம யாருக்குன்னு கேப்பேன், கையைத் தூக்குவாங்க. அன்னிக்கு சேர்மனே ஆள் அனுப்பி, கொஞ்சம் முன்னாடியே வந்து கேளுன்னாரு."

பேட்டரி எழுந்து நின்றுவிட்டான். படம் பிடிக்கப்பட்டது ஓட்டு இல்லை, டீ. ஐந்து கவுன்சிலர்களும் ஓர் எழுத்தரும் சர்க்கரை இல்லாத டீ கேட்டிருக்கிறார்கள். அந்த நொடியில் சேர்மன் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார். கையைத் தூக்காத நாலு பேரும் வழக்கப்படி எதிர்ப்பு ஆகியிருக்கிறார்கள்.

"அண்ணி, அப்ப இந்த ஊரே தலையில தூக்கி வச்சு ஆடுதே, எதிர்த்து நின்ன நாலு வீரனுங்கன்னு. அவங்க..."

"சர்க்கரை போட்டு டீ குடிக்கிறவங்க," என்றார் அண்ணி.

பேட்டரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்த கையோடு போனை எடுத்து, அண்ணி கையமர்த்துவதைக் கவனிக்காமல், கடியாரக்காரர் மகளுக்கு அடித்தான். "அம்மா, உங்கப்பா யாருக்கும் விக்கல. சர்க்கரை இல்லாத டீக்குத்தான் கை தூக்கினாரு. படம் கையில இருக்கு."

மறுமுனையில் அவள் கேட்டாள்.

"டீக்கா?"

"ஆமாம்மா."

"எங்கப்பா டீயே குடிக்க மாட்டாருங்க. கை நடுங்கினா கடியார வேலை கெட்டுப்போகும்னு டீ, காபி எதையும் தொட மாட்டாரு."

பேட்டரி போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்தான். வாயைக் கொடுத்து ஒரு பெண்ணின் நம்பிக்கையைத் தூக்கிவிட்டு, அதே வாயால் கீழே போட்டாகிவிட்டது. என்ன சொல்லி போனை வைத்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை. அண்ணி திட்டுவார் என்று எதிர்பார்த்தான், அவர் திட்டவில்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"டீ குடிக்காத மனுஷன் ஏன் அண்ணி கையைத் தூக்குவாரு? நிஜமாவே ஓட்டுதான் போட்டாரா?"

"நாலு பேரும் எழுத்தரும் கதவைப் பாத்தாங்க. டீக்காரர் அங்கதான் நின்னார். கடியாரக்காரர் கதவைப் பாக்கல. சேர்மனைப் பாத்தார். சேர்மன்கிட்ட அவருக்கு என்ன வேணும்?"

பேட்டரி படத்தை மறுபடி இழுத்துப் பார்த்தான். காதை ஒட்டி நேராக நிற்கும் கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை. பிள்ளைகள் எதற்காக அப்படித் தூக்குவார்கள்? அவன் கண் முன்னால் அந்த ஓரம் சுருண்ட அட்டை வந்து நின்றது.

"அட்டை," என்றான். "சுவத்துல தொங்கின அட்டை. பேசணும்னா கையைத் தூக்குன்னு எழுதியிருந்துச்சே. அண்ணி, அவரு பேசறதுக்குக் கேட்டிருக்காரு."

அலுவலகம் விட்டு எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிள் நிறுத்தத்தில் தலைமை எழுத்தரை மடக்கினார்கள். படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இந்தக் கை எதுக்கு சார் மேல இருக்கு?" என்றார் அண்ணி.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். சைக்கிள் பூட்டைத் திறந்தார், மறுபடி பூட்டினார். "எனக்குச் சர்க்கரை வியாதிம்மா."

"அது இருக்கட்டும். கடியாரக்காரர் கை?"

"அவரு ஒருத்தர்தான் அந்த அட்டையை மதிச்சவரு. எவ்வளவு கூச்சல் நடந்தாலும் கையைத் தூக்கிட்டு உக்காந்திருப்பாரு. கூப்பிட்டாத்தான் பேசுவாரு. எல்லாரும் அவரைக் கேலி பண்ணுவாங்க. நானும்தான்." கட்டைவிரலைத் தேய்த்தார். "கால்வாய்க்கரைன்னு நான் வாயெடுத்ததும் அவரு கை மேல போகும்னு சேர்மனுக்குத் தெரியும். அதே நேரத்துக்கு டீக்காரரை வரச் சொல்லிட்டாரு. சர்க்கரை இல்லாத நாலு கை, இவரு கை ஒண்ணு. அஞ்சு. நிறைவேறியதுன்னு மணியை அடிச்சுட்டாரு."

"ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையா?" என்றான் பேட்டரி.

"எதுக்குத் திறப்பாங்க தம்பி? எல்லாருக்கும் வளாகத்துல கடை வேணும். யாருக்கும் அதுக்குக் கையைத் தூக்கினவன்னு பேர் வேணாம். சர்க்கரை இல்லாதவங்க வீட்டுல போய், டீக்குத்தான் தூக்கினேன்னு சத்தியம் பண்ணிக்கலாம். சர்க்கரை போட்டவங்க வீரனுங்க ஆயிட்டாங்க. மாட்டிக்கிட்டது ஒருத்தர்தான்."

"கடியாரக்காரர் என்ன செஞ்சாரு?"

எழுத்தர் சைக்கிள் மணியைத் துடைத்தார்.

"சொல்லுங்க சார்," என்றார் அண்ணி.

"கையை இறக்கலம்மா. டீ வந்துச்சு, குடிச்சாங்க, எழுந்து போனாங்க. அவரு அப்படியே உக்காந்திருந்தாரு, கையைத் தூக்கிக்கிட்டு. யாராவது கூப்பிடுவாங்கன்னு நினைச்சாரோ என்னவோ. நான் ஃபேனை நிறுத்திட்டு வெளிய வந்துட்டேன்."

அந்த வளைந்த மேஜையும் காலி நாற்காலிகளும் பேட்டரி இன்று பார்த்தவை. அங்கே அந்த மனிதரை ஒற்றையாக வைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

"நாளைக்கு அதிகாரி முன்னாடி இதைச் சொல்வீங்களா?"

"நான் நாளைக்கு லீவு." எழுத்தர் சைக்கிளில் ஏறப் போனவர் நின்றார். "சொன்னாத்தான் என்னம்மா? படத்தைக் காட்டினா ஓட்டைத் தள்ளுபடி பண்ணுவாரு. மறுபடி ஓட்டு வைப்பாங்க. எட்டு பேருக்கும் கடை வேணும். தெரு போகத்தான் போகுது. கிடக்கிற மனுஷனை எதுக்கு எழுப்புறீங்க?"

"மறுபடி ஓட்டு வச்சா நிறைவேற என்ன வேணும்?" என்றார் அண்ணி.

"அஞ்சு கை."

"தெரு சனம் மொத்தமும் ஜன்னல்ல நின்னு பாக்கும். ஸ்டூடியோக்காரரும் வருவார். கதவுல டீக்காரர் இருக்க மாட்டார். தூக்கட்டும் சார், அஞ்சு பேர். எதைத் தூக்கப் பயந்து இவ்வளவு நாடகம் ஆடினாங்களோ, அதைத் தூக்கட்டும்."

எழுத்தர் சைக்கிளை மிதித்துப் போனார். நாளைக்கு அவர் வருவாரா மாட்டாரா என்பதை அந்த முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஐந்து பேர் துணிந்து கையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது என்று பேட்டரி கேட்க நினைத்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான். அதே கேள்வி அங்கேயும் இருந்தது.

கால்வாய்க்கரைத் தெருவில் அவர்கள் நடந்தபோது வாசல்களில் நடந்த பேச்சுகள் நின்றுபோயின. கடியாரக்காரர் வீட்டின் முன்னறைதான் கடை. பலகையில் கல் பட்ட இடம் அப்படியே பெயர்ந்து கிடந்தது. உள்ளே சுவரெல்லாம் கடியாரங்கள். கீ கொடுக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் நின்றிருந்தன.

மகள் வாசலில் நின்றாள். பேட்டரியைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், அண்ணி முந்திக்கொண்டார். கூடத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, படத்தை அவள் கையில் கொடுத்தார்.

அவள் படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போகவில்லை. தெருவைக் கடந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அத்தை, ஒரு நிமிஷம் வாங்க. எங்கப்பாவை ஒண்ணு கேக்கப் போறேன். நீங்க பக்கத்துல இருக்கணும். என்ன பதில் வந்தாலும் நீங்களே தெருவுக்குச் சொல்லுங்க."

எதிர்வீட்டு அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். முகம் கல்லாக இருந்தது. அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் சேர்ந்து வந்து அறை வாசலில் நின்றார்கள்.

கடியாரக்காரர் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அந்தக் கண் பயந்தது. மகள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து படத்தை அவர் முன்னால் பிடித்தாள்.

"அப்பா. அன்னிக்குக் கையைத் தூக்கினீங்களே. தெருவை இடிக்கச் சொல்லியா?"

போர்வை மேல் கிடந்த இடது கை அசையவில்லை. அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. அவள் துடைக்கவில்லை.

"பேசறதுக்காகவாப்பா?"

கை அசைந்தது. போர்வையிலிருந்து மெல்ல எழுந்தது, பாதியில் தள்ளாடியது, மறுபடி எழுந்தது. கடைசியில் காதை ஒட்டி நேராக நின்றது. அவர் பார்வை மகளைத் தாண்டி, அறை வாசலில் நின்றவர்களிடம் போயிற்று.

எதிர்வீட்டு அத்தை படத்தை வாங்கிப் பார்த்தார், கையைப் பார்த்தார். படத்தைக் கட்டிலில் வைத்தார். எவ்வளவுக்கு விற்றீர்கள் என்று கேட்ட அந்த வாய் அழுகையில் கோணியது. பிறகு அவர் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தார். வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே வந்து, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்கண்ணே," என்றார் அத்தை. "கேக்குறோம்."

கடியாரக்காரர் வாயைத் திறந்தார். உதடு துடித்தது, தொண்டை ஏறி இறங்கியது. ஒரு சொல்லும் வரவில்லை. பேட்டரி அண்ணியைப் பார்த்தான். அண்ணி கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தார்.

கையை இறக்காமல் அவர் மறுபடியும் முயன்றார். வெகுநேரம் முயன்றார். யாரும் எழுந்து போகவில்லை.